மூச்சு பழகிவிட்டது, குதிகால் பழகவில்லை

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற கூட்டத்தைக் கொங்குநாட்டில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து என்றால் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் வரும். நான் நான்கு முறை போயிருக்கிறேன். கால் வீங்கும், விரலிடுக்கில் கொப்புளம் வரும், ஊர் திரும்பி இரண்டு நாள் படுத்தால் எல்லாம் போய்விடும். அந்தத் தைரியத்தில்தான் 42 வயதில் ஓட ஆரம்பித்தேன். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். ஏழாவது வாரம் அந்த ஒரு சுற்றை நிற்காமல் ஓடி முடித்தேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றினால், குதிகாலில் ஆணி ஏறின மாதிரி வலி.

நூறு கிலோமீட்டர் தாங்கின கால், இரண்டரை கிலோமீட்டருக்கு ஏன் படுத்துக்கொண்டது? ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். "வாய்வு எறங்கிருச்சு சாமி, செங்கல்லச் சுட வெச்சு எருக்கந்தழையப் போட்டு மிதி" என்றார் அம்மா. "குதிங்கால்ல எலும்பு வளந்திருக்குங்க மச்சான், ஒரு படம் புடிச்சுப் பாத்துருங்க" என்றார் மைத்துனர். கூட ஓடுகிறவர் ஒருவர், "ஏனுங்க, ஒரு மாசம் சும்மா இருங்க, தானாச் சரியாப் போயிரும்" என்றார். நான் மூன்றையும் செய்தேன். ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஓடிய முதல் வாரமே வலி திரும்பி வந்தது.

நான் டாக்டர் இல்லை. ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்ததையும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும், புதிதாக ஓட வருகிறவர்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன்.

நடையும் ஓட்டமும் ஒன்றல்ல

நடக்கும்போது எப்போதும் ஏதோ ஒரு கால் தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டு காலும் தரையை விட்டு எழும்பும் ஒரு கணம் உண்டு. அந்தக் கணம் முடிந்ததும் மொத்த உடம்பும் ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறது. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் இதைப் புரிந்துகொள்வது சுலபம். மெதுவாக ஏறி நின்றால் முள் 70-இல் நிற்கும். குதித்து ஏறினால் ஒரு கணம் எங்கேயோ போய்விட்டுத் திரும்பும் (மெஷின் பாவம், செய்து பார்க்க வேண்டாம்). ஆள் அதே ஆள்தான். இறங்கிய விதம் மாறிவிட்டது.

நடையில் ஒவ்வோர் அடியிலும் கால் தாங்குவது உடல் எடையைவிடச் சற்று அதிகம், சுமார் 1.2 மடங்கு. ஓட்டத்தில் இரண்டிலிருந்து மூன்று மடங்கு. 70 கிலோ ஆளென்றால் 140 முதல் 210 கிலோ வரை. ஒரு கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில், நிமிடத்துக்கு 160 அடி வைத்து ஓடுகிறார் என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு 1280 அடி, ஒரு காலுக்கு 640. மூன்று கிலோமீட்டரில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 1900 முறை அந்தச் சுமையைத் தாங்கி எழுகிறது.

இது தரை காலைத் தள்ளும் கணக்கு மட்டும்தான். உடம்பை முன்னுக்கு உந்த உள்ளே இழுக்கிற கயிறுகளுக்கு இன்னும் கூடுதல் வேலை. குதிகாலுக்குப் பின்னால் தடியாகக் கைக்குத் தட்டுப்படுகிறதே, அந்த நாண் ஓட்டத்தில் உடல் எடையைப் போல ஆறு மடங்குக்கும் மேல் இழுவிசையைத் தாங்கும். பழனி நடையில் கால் அதிக நேரம் உழைத்தது. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் இவ்வளவு சுமை வரவில்லை.

காளங்கன்றும் வண்டியும்

காங்கேயம் காளையை வண்டிக்குப் பழக்குவதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த விஷயம் எளிதில் பிடிபடும். கன்று துள்ளுகிறது, பலம் இருக்கிறது என்பதற்காக யாரும் முதல் நாளே பாரம் ஏற்றுவதில்லை. முதலில் கழுத்தில் நுகத்தடியை வைத்துச் சும்மா நடத்துவார்கள். அப்புறம் வெறும் வண்டி. பாரம் அதற்கும் பிறகுதான்.

நம் உடம்புக்குள் ஒரே சமயத்தில் நான்கைந்து கன்றுகள் பழகிக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில். இதயமும் மூச்சும் சில வாரத்திலேயே பழகிவிடும். சதைக்கு ஓரிரு மாதம். தசைநாணுக்கும் எலும்புக்கும் பல மாதம் வேண்டும். தசைநாண் என்பது சதையை எலும்போடு கட்டிவைக்கிற கயிறு. அதற்குள் ரத்த ஓட்டம் குறைவு, வேலை செய்ய செல்களும் குறைவு. எனவே எதுவும் மெதுவாகத்தான் நடக்கும்.

எவ்வளவு மெதுவாக என்பதற்கு ஒரு விசித்திரமான சான்று இருக்கிறது. 1950-60களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற அணுவகை கூடியது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களின் உடம்பிலும் அது சேர்ந்தது. டென்மார்க் விஞ்ஞானிகள் 2013-இல் அதை வைத்துக் குதிகால் நாணின் வயதைக் கணக்கிட்டார்கள். நாணின் உள்மையம் பதினேழு வயதுவாக்கில் உருவானபடியே, பிறகு ஏறக்குறையப் புதுப்பிக்கப்படாமல் இருந்தது. ஓட ஓட நாண் கெட்டிப்படுவது உண்மை. ஆனால் அது பழைய கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக்கயிறு மாட்டுகிற வேலை இல்லை.

ஏழாவது வாரத்தில் எனக்கு நடந்தது இதுதான். மூச்சு வாங்குவது நின்றுவிட்டது, அதனால் கால் தயார் என்று நினைத்துக்கொண்டேன். புதிதாக ஓடுகிறவர்கள் பலரும் ஆறிலிருந்து பத்து வாரத்துக்குள் நொண்டிக்கொண்டு வருவதற்கு இதையே முதல் காரணமாகச் சொல்வேன். கோவை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, இருக்கிற இரண்டு மாதத்தில் பத்து கிலோமீட்டருக்குத் தாவுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஓட்டத்தின் ஒவ்வோர் அடியும் நடையைவிட இரு மடங்கு கனம். மூச்சு சீக்கிரம் பழகும், கயிறும் எலும்பும் தாமதமாகப் பழகும். இந்த இடைவெளியில்தான் வலி வருகிறது. இனி எந்தக் கயிறு, எந்த எலும்பு என்று பார்ப்போம்.

உள்ளங்காலில் ஒரு வடம்

புதிய ஓட்டக்காரர்களின் வலிகளில் அதிகம் பேசப்படுவதும், அதிகம் தவறாகப் பேசப்படுவதும் குதிகாலின் அடிப்பக்க வலி. குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி, உள்ளங்கால் முழுக்க ஓடி, ஐந்து விரல்களின் அடிவரை விசிறிபோல் விரிகிற ஒரு கெட்டியான பட்டை இருக்கிறது. அதை இந்தக் கட்டுரையில் பாதப்பட்டை என்றே சொல்கிறேன். டாக்டர் சீட்டில் 'பிளான்டார் ஃபேஸியைட்டிஸ்' என்று எழுதினால், இந்தப் பட்டையின் வலியைத்தான் சொல்கிறார்.

இதன் வேலையைப் புரிந்துகொள்ளக் கிணற்று மேட்டுக்குப் போக வேண்டும். மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில், மாடு வாரி என்ற சரிவில் இறங்கினால் வடக்கயிறு உருளைமேல் ஓடி, கிணற்றிலிருந்து சால் என்ற தண்ணீர்ப் பாத்திரம் மேலே வரும். ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் எழும்பும். பாதத்திலும் அப்படித்தான். உட்கார்ந்தபடி உங்கள் கால் கட்டைவிரலைக் கையால் மேல்நோக்கி மடக்கிப் பாருங்கள். உள்ளங்காலில் ஒரு நரம்பு மாதிரி விறைத்துக்கொண்டு எழும், பாதத்தின் வளைவும் உயரும். கட்டைவிரலின் அடி எலும்புதான் இங்கே உருளை, பாதப்பட்டைதான் வடம். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹிக்ஸ் என்பவர் 1954-இல் இதை விளக்கி எழுதினார். ஓடும்போது குதிகாலைத் தூக்கி விரலால் உந்துகிற ஒவ்வொரு தடவையும் இந்த வடம் இழுபட்டுப் பாதத்தை ஒரு நெம்புகோல்போல விறைப்பாக்குகிறது.

வடம் நாள்தோறும் தாங்க முடிவதற்கு மேல் இழுபட்டால் என்ன ஆகும்? குதிகால் எலும்பில் அது பற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் புரிகள் நைய ஆரம்பிக்கும். அதுதான் வலி.

காலையில் முதல் சில அடிகள் மட்டும் ஏன் உயிர் போகிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொய்ந்து கிடக்கும். பட்டை அந்தக் குறுகிய நிலையிலேயே இரவெல்லாம் இருந்துவிடுகிறது. எழுந்து நின்றதும் மொத்த உடம்பின் எடையில் ஒரே இழுப்பாக இழுபடுகிறது. பத்து அடி நடந்ததும் இளகிவிடும். வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தாலும் அதே கதைதான். பஸ்ஸில் அவிநாசியிலிருந்து வந்து இறங்குகிற ஒவ்வொரு முறையும் நான் நொண்டுவதைப் பார்த்துக் கண்டக்டரே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது அந்த 'எலும்பு வளர்ச்சி'. எக்ஸ்ரேயில் குதிகாலின் அடியில் சிறு முள்போல ஒன்று தெரியும். அதைப் பார்த்ததும் நமக்கு ஆணி குத்துகிற காட்சி மனதில் வந்துவிடுகிறது. ஆனால் வலியே இல்லாத எத்தனையோ பேருடைய எக்ஸ்ரேயிலும் அதே முள் இருக்கும். வலி குறைந்த பிறகும் முள் அங்கேயே இருக்கும். முள்ளைக் குற்றவாளி ஆக்குவதைவிட, பல ஆண்டு இழுவிசையின் தழும்பு என்று எடுத்துக்கொள்வது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

'ஐட்டிஸ்' என்ற விகுதியும் கொஞ்சம் ஏமாற்றுகிறது. அதற்குப் பொருள் அழற்சி, அதாவது அடிபட்ட இடத்துக்கு உடம்பு ரத்தத்தையும் செல்களையும் அனுப்பிச் சிவந்து வீங்கவைப்பது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட குதிகால் வலிக்காக அறுவைசிகிச்சை செய்துகொண்ட 50 பேரின் பட்டைத் திசுவைப் பார்த்தார்கள். அழற்சியின் அடையாளம் இல்லை, நைந்துபோனதின் அடையாளம்தான் இருந்தது. வலி மாத்திரை வலியை மட்டுப்படுத்தும். நைந்த வடத்தை அது முறுக்கித் தராது.

முறுக்கித் தருவது எது? அளவான சுமை. டென்மார்க்கில் ராத்லெஃப் என்பவரும் கூட்டாளிகளும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்திய பயிற்சி நம் வீட்டுப் படிக்கட்டிலேயே செய்யக்கூடியது. ஒரு துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, கால் விரல்கள் அதன்மேல் மடங்கி இருக்கும்படி நிற்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று விநாடியில் குதிகாலைத் தூக்கி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். பழகப் பழக ஒற்றைக் காலில் நின்று, முதுகுப்பையில் புத்தகம் போட்டுக் கனத்தைக் கூட்டலாம். பட்டையைச் சும்மா இழுத்து நீட்டிவிடும் பயிற்சி செய்தவர்களைவிட இதைச் செய்தவர்கள் மூன்று மாதத்தில் தெளிவாகத் தேறியிருந்தார்கள். ஒரு வருட முடிவில் இரு கூட்டமும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு நான்கு மாதம் ஆனது.

அம்மாவின் எருக்கந்தழை வேலை செய்ததா என்று கேட்பீர்கள். செய்தது, ஒரு மணி நேரத்துக்கு. சூட்டு ஒத்தடம் இதமாகத்தான் இருக்கும். அந்த இதத்தை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கூட்டம் மட்டும் அந்தச் செங்கல் பக்கமே போகக் கூடாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குதிநாண்: அறுக்கப் பார்த்தவர் கதை

குதிகாலின் பின்பக்கம், கெண்டைக்கால் சதையிலிருந்து இறங்கி எலும்பில் பற்றுகிறது குதிநாண். அக்கிலஸ் தசைநாண் என்பது இதன் புத்தகப் பெயர். உடம்பிலேயே தடித்த, பலமான நாண் இதுதான். இதில் வலி வந்தால் காலையில் விறைப்பாக இருக்கும். ஓட்டத்தின் தொடக்கத்தில் வலிக்கும், நடுவில் மறந்துபோகும், மாலையில் திரும்பி வரும். அந்த 'நடுவில் மறந்துபோவது' பெரிய சூழ்ச்சி. சரியாகிவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓடிவிடுவோம்.

சுவீடனில் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவருக்கே இந்த வலி இருந்ததாம். அறுவைசிகிச்சை செய்துவிடுங்கள் என்று தன் மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறார். அவர் மறுத்துவிட்டார். சரி, நாணே அறுந்துவிட்டால் செய்துதானே ஆகவேண்டும் என்று, வலிக்க வலிக்கக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கி இறக்கிப் பயிற்சி செய்தார். நாண் அறவில்லை. வலி போய்விட்டது. அதற்குப் பிறகு, ஓடுகிற பழக்கமுள்ள 15 பேரை வைத்து அதையே முறையாகச் செய்து பார்த்து 1998-இல் வெளியிட்டார். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று முறை, சற்று மடக்கி அதேபோல் மூன்று முறை, காலை மாலை இருவேளை. ஒரு நாளைக்கு 180. பன்னிரண்டு வாரத்தில் 15 பேரும் பழையபடி ஓடத் திரும்பினார்கள். எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்றில்லை. நாண் எலும்பில் சேரும் அடிநுனியிலேயே வலி என்றால் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குவது வலியைக் கூட்டலாம், தரைமட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

குதிநாணைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மாத்திரைகள் அபூர்வமாகத் தசைநாணைப் பலவீனப்படுத்தலாம், அறுந்துபோவதும் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் இதற்காகவே கறுப்புக்கட்ட எச்சரிக்கை, அதாவது மருந்துக் குறிப்பில் போடுகிற மிகக் கடுமையான எச்சரிக்கை, போட்டது. அந்த மாத்திரை சாப்பிடும்போது குதிநாண் வலித்தால் ஓடாமல், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

சுருக்கமாக: குதிகாலின் அடியில் என்றால் பாதப்பட்டை, பின்னால் என்றால் குதிநாண். இரண்டுமே கயிறு, இரண்டுமே நைவது. வெறும் ஓய்வில் வலி அடங்கும், கயிறு பலப்படாது. ஒரு மாதம் சும்மா இருந்த எனக்கு வலி திரும்பியது இதனால்தான். தாங்கும் பலம் அந்த மாதத்தில் இன்னும் குறைந்திருந்தது, ஓடிய தூரமோ பழைய தூரம்.

சுளுக்கு

ஈரோடு, கோபி பக்கம் கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே இருக்கிற காற்றுக்கும் நிழலுக்கும் ரேஸ்கோர்ஸ் ஈடாகாது. ஆனால் ஒரு பரல்கல், ஒரு மாட்டுக் குளம்புக் குழி போதும், பாதம் உள்பக்கமாக மடங்கிக் கணுக்காலின் வெளிப்பக்கம் பிசகிவிடும்.

இங்கே அடிபடுவது ஜவ்வு. ஓர் எலும்பை இன்னோர் எலும்போடு கட்டுகிற நாரைத்தான் அப்படிச் சொல்கிறோம். சுளுக்கில் எலும்போ நரம்போ இடம் மாறி உட்கார்ந்துகொள்வதில்லை. ஜவ்வின் இழைகள் இழுபட்டோ பாதி கிழிந்தோ இருக்கும். அதனால்தான் உடனே போய் எண்ணெய் போட்டு அழுத்தி வழித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் இடத்தில் முதல் இரண்டு மூன்று நாள் அழுத்தமும் சூடும் வீக்கத்தைத்தான் கூட்டும். எனக்கு ஒருவர் வழித்துவிட்டார், மறுநாள் கால் செருப்புக்குள் நுழையவில்லை.

கிரேப் பேண்டேஜைச் சுற்றிக் காலைத் தலையணைமேல் தூக்கி வைப்பது நல்லது. ஐஸ் வைத்தால் வலி மரத்துப்போகும், அவ்வளவே. ஓய்வு, ஐஸ், கட்டு, உயரம் என்ற நான்கையும் சேர்த்து 1978-இல் பிரபலமாக்கிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்க்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் எழுதினார். இரண்டு மூன்று நாளில் வலி பொறுக்கும் அளவுக்குப் பாதத்தை அசைக்கவும் மெல்ல ஊன்றவும் ஆரம்பிக்கலாம்.

எலும்பு முறிந்திருக்குமோ என்ற பயத்துக்குக் கனடாவின் ஒட்டாவா நகர டாக்டர்கள் 1992-இல் ஒரு எளிய சோதனை வகுத்தார்கள். பிசகின உடனேயும், பிறகு டாக்டர் பார்க்கும்போதும் நாலு அடிகூட ஊன்றி நடக்க முடியவில்லையா? கணுக்காலின் இரு பக்க முண்டுகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ எலும்பையே அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே புடைத்திருக்கும் எலும்பிலோ, உள்பக்க வளைவின் மேல் எலும்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் எக்ஸ்ரே.

ஒருமுறை பிசகின கால் திரும்பத் திரும்பப் பிசகுவதற்கும் காரணம் இருக்கிறது. பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்விகள் ஜவ்வுக்குள் இருக்கின்றன. அடிபட்டால் அந்தத் தகவல் பிந்துகிறது. பல் விளக்கும் நேரம் ஒற்றைக் காலில் நிற்பது இதற்கு நல்ல பயிற்சி. வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

தோண்டிப் போட்ட சாலை

நம் ஊரில் சாலை எப்படி ரிப்பேர் ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் தோண்டுவார்கள். போடுவது எப்போதோ. இடைப்பட்ட காலத்தில் பழைய மோசமான சாலையே தேவலை என்று தோன்றும்.

எலும்பும் இந்த முறையில்தான் தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது. புதிய சுமை வந்ததும் பழைய, களைத்த பகுதியை ஒருவகைச் செல்கள் முதலில் கரைத்து எடுக்கும். அது சில வாரம். பிறகு வேறு செல்கள் வந்து புதிய எலும்பை இடும். முழுச் சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகிவிடும். தோண்டியிருக்கும் அந்த வாரங்களில் லாரி மேல் லாரி விட்டால் விரிசல் விழும். இதற்கு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்று பெயர். ஒரே அடியில் முறிவதில்லை, ஆயிரக்கணக்கான அடிகளில் மயிரிழைபோல் விரிகிறது. பாதத்தின் நடுநீள எலும்புகளில் இது சாதாரணம்.

கயிற்று வலியிலிருந்து இதைப் பிரித்தறிவது அவசியம், ஏனென்றால் வைத்தியம் நேர்மாறு. கயிற்று வலி ஓடத் தொடங்கியதும் இளகும். எலும்பு வலி ஓட ஓட ஏறும். விரல் நுனியால் தொட்டுக் காட்டுகிற அளவுக்கு ஒரே புள்ளியில் இருக்கும். ஒற்றைக் காலில் குதித்தால் சுள்ளென்று குத்தும். முற்றினால் ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். 'படத்தில் ஒன்றும் இல்லை' என்று கேட்டு மறுபடி ஓடப் போனவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ காட்டிக் கொடுக்கும். வயிற்றைக் கட்டிக்கொண்டு எடை குறைக்க ஓடுகிறவர்களுக்கும், மாதவிடாய் தவறத் தொடங்கிய பெண்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். தோண்டினவர்களுக்குத் தார் வாங்கக் காசு இல்லாத நிலை அது. இங்கே படிக்கட்டுப் பயிற்சி, பொறுத்துக்கொண்டு ஓடுவது எதுவும் கூடாது. நிறுத்தியே ஆகவேண்டும்.

ஓடலாமா, நிற்கலாமா

எலும்பு வலி இல்லை, கயிற்று வலிதான் என்றால் முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. பிசியோதெரபிஸ்டுகள் சொல்லிக் கொடுக்கும் வழி, வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுவது. வலியே இல்லை பூஜ்யம், தாங்கவே முடியாதது பத்து. ஓடும்போது மூன்றுக்குள் இருந்தால் ஓடலாம். ஆனால் தீர்ப்பு அன்றைக்கு வராது. மறுநாள் காலை முதல் பத்து அடியில் வரும். நேற்றைக் காலையைவிட இன்று காலை மோசமென்றால் நேற்று ஓடியது அதிகம். அதே அளவு அல்லது குறைவு என்றால் நேற்றைய அளவு சரி.

வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டலாம் என்று எல்லோரும் சொல்லுகிற விதியை நான் வேதமாக எடுத்துக்கொள்வதில்லை. நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரில் 532 புதிய ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த விதிப்படி 13 வாரமும் மறுபாதிக்கு வழக்கமான முறையில் 8 வாரமும் பயிற்சி கொடுத்தார்கள். 2008-இல் வந்த முடிவு: இரண்டிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். அட்டவணை எதுவானாலும் உங்கள் குதிகாலுக்கு அது தெரியாது. காலைப் பத்து அடிதான் எனக்கு அட்டவணை.

நான் மறுபடி ஆரம்பித்தபோது ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, வாரத்துக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொண்டேன். நடக்கிற பெரியவர்கள் என்னைத் தாண்டிப் போவார்கள். அடியைச் சற்றுக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டியதும் உதவியது. எட்டி எட்டி வைத்தால் ஒவ்வொரு இறக்கமும் கனமாகிறது.

ஷூ பற்றி அதிகம் சொல்ல இல்லை. லாடம் அடித்ததால் மாட்டுக்குப் பலம் கூடிவிடாது. மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போய், விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் இருக்கும்படி, போட்டதுமே சுகமாக இருப்பதை வாங்குங்கள். பழகினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் வேறு ஜோடி கேளுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

பின்னங்காலில் யாரோ உதைத்த மாதிரி 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் விரல் ஊன்றி எழும்ப முடியவில்லை என்றால் குதிநாண் அறுந்திருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். ஓடாமல் இருக்கும்போதே ராத்திரி வலி, காலில் மரத்துப்போதல், காய்ச்சலோடு வீக்கம், கட்டைவிரல் மூட்டு திடீரென்று சிவந்து சுடுவது ஆகியவற்றுக்குப் படிக்கட்டுப் பயிற்சி பதில் ஆகாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கதை தனி. பல வருடச் சர்க்கரையில் பாத நரம்புகள் மெல்ல மரத்துவிடும். ஷூவுக்குள் கல் இருந்தாலும் தெரியாது, கொப்புளம் புண்ணானாலும் தெரியாது. வலிக்கு மதிப்பெண் போடுகிற முறையே இவர்களுக்குச் செல்லாது. ஓட ஆரம்பிக்கும் முன் பாதத்தை டாக்டரிடம் காட்டி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், ஓடி வந்ததும் தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். சுட்ட செங்கல் பக்கம் போகக் கூடாத கூட்டம் இதுதான். சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும்.

அம்மாவுக்குப் பதினாறு வருடமாகச் சர்க்கரை. அவருக்கும் குதிகால் வலி உண்டு. செங்கல்லை நான் எடுத்துப் பின்கட்டில் துவைக்கிற கல்லுக்கு முட்டாக வைத்துவிட்டேன். இப்போது சாயங்காலம் என்னோடு சேர்ந்து அவரும் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குகிறார். எண்ணுகிற வேலை என்னுடையது. பத்துக்கு மேல் போனால், "போதுஞ் சாமி, வாய்வு எறங்கிருச்சு" என்கிறார்.